உண்ணாமலை கட்டிய குழாய்

ஆரணியில் பாவு பிணைக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் உண்ணாமலையைக் கூப்பிட்டுப் பழகிய வீட்டார், அவளுக்கு வேறு இடத்தில் வேலை இருந்தால் காத்திருப்பார்களே தவிர இன்னொரு ஆளைத் தேட மாட்டார்கள். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு. ஒரு பாவு தீரும்போது பழைய இழைகளை முழுக்க எடுத்துவிடுவதில்லை. சீப்புபோல இழைகளைப் பிரித்து நிறுத்தும் அச்சுக்குப் பின்னால் கொஞ்சம் விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை அந்த நுனிகளோடு ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்குவார்கள். ஒரு பாவுக்கு ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று இடம் மாறினால், நெய்து முடிகிற வரைக்கும் அந்தத் தப்பு கோடாகக் கூடவே வரும். உண்ணாமலை பிணைத்த பாவில் அப்படிக் கோடு வந்ததாக யாரும் சொன்னதில்லை. இழை வழுக்காமலிருக்க விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் அவளிடம் பேச்சு நின்றுவிடும். பக்கத்தில் வைத்த டீ ஆறி ஆடை கட்டிக் கிடக்கும்.

அவள் வந்தவாசிப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகி ஆரணிக்கு வந்த பிறகுதான் இந்த வேலையில் கை பழகியது. பழகப் பழக வேலை கையோடு நிற்காமல் கண்ணிலும் ஏறிக்கொண்டது. தறி இருக்கிற வீட்டில் ஒரு நுனி தொங்கினால் யாருடைய கால் விரலாவது அதில் மாட்டும். ஒன்று அறுந்தால் பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் தொங்குவது எதுவானாலும் சுற்றி, கட்டி, ஒதுக்கி வைக்க வேண்டும். பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் மூட்டைக் கயிறு தொங்கினாலும் அவளுக்குக் கை நிற்காது. கணவரின் தம்பி வேலு இதை வைத்துக் கிண்டல் செய்வான்.

"அண்ணி தெருவுல நடந்தா கேபிள்காரன் ஓடி ஒளியறாண்ணா. தொங்கற ஒயரையெல்லாம் சுருட்டிக் கட்டிடுவாங்களாம்."

"உன் வாயையும் கட்டறதுக்கு ஒரு இழை பாத்துகினு இருக்கறன்" என்பாள் அவள்.

கணவர் சடையப்பன் குழித்தறி நெசவாளி. தரையில் வெட்டிய குழிக்குள் கால்களை இறக்கி, மிதிபலகைகளின் மேல் வைத்துக்கொண்டு, விளிம்பில் உட்கார்ந்து நெய்வது. இந்தத் தறியில் உட்கார்ந்தவர்கள் யாருக்கும் கால் மரத்துப்போவது ஒரு விஷயமே இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்போது கால் இருக்கிற இடமே தெரியாது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்று தரையில் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும், பிறகு உணர்வு வந்துவிடும். தும்மல் வந்ததை யாரும் வந்து சொல்லாததுபோல இதையும் யாரும் யாரிடமும் சொல்வதில்லை.

சடையப்பனுக்கு வந்த நோவு வேறு. தறியில் குனிந்து உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் இல்லை. எழுந்து நடந்தால் இடுப்பிலிருந்து இரண்டு காலிலும் வலி இறங்கும். கடைத்தெரு வரைக்கும் போவதற்குள் எங்காவது உட்கார்ந்துவிட வேண்டியிருந்தது. பிறகு பால் வாங்கக்கூடப் போக முடியவில்லை. தைலம் தேய்த்தார்கள், இடுப்பில் பெல்ட் கட்டினார்கள். கடைசியில் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். முதுகெலும்புக்குள் நரம்பு போகிற வழி குறுகிப்போயிருந்தது. பின்பக்கத்து எலும்பைக் கொஞ்சம் எடுத்து வழியை அகலப்படுத்த வேண்டும் என்றார்.

"அப்புறம் தறியில உக்காரலாங்களா டாக்டர்?" என்று சடையப்பன் கேட்டார்.

"முதல்ல நல்லா நடங்க. தறியைப் பத்தி அப்புறம் பேசலாம்."

"நடக்கறதுக்காக இல்லீங்க. தறிக்குத்தான் கேக்கறன்."

டாக்டர் சிரித்தார். உட்காரலாம் என்று நினைப்பதாகச் சொன்னார். சடையப்பனுக்கு அது போதும். அவர் தறியில் அரக்கு நிறத்தில் ஒரு முகூர்த்தச் சேலை பாதியில் இருந்தது. வேறு ஆள் நெய்தால் கை மாறிய இடம் சேலையில் தெரியும் என்று முதலாளியிடம் தவணை கேட்டுவிட்டு, அதன் மேல் பழைய வேட்டியைப் போர்த்தி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார். திரும்பி வந்து அதே குழியில் இறங்கி அதை முடிப்பது. ஆபரேஷன் என்றால் அவருக்கு இதுதான் அர்த்தம்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. வார்டுக்குக் கொண்டுவந்தபோது அவர் முதுகிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து, கட்டிலோரம் தொங்கிய பிளாஸ்டிக் குடுவையில் முடிந்தது. குடுவை துருத்திபோல மடிப்பு மடிப்பாக இருந்தது. அமுக்கி மூடிவிட்டால் அது மெல்ல மெல்ல விரிந்து, உள்ளே கசிகிற ரத்தத்தை உறிஞ்சி எடுக்கும். வந்தபோதே அதன் அடியில் கருஞ்சிவப்பாகக் கொஞ்சம் சேர்ந்திருந்தது.

நர்ஸ் சிவசங்கரி கட்டிலருகே நின்ற வேலுவிடம் விளக்கினாள். அந்த நேரம் உண்ணாமலை தாழ்வாரத்துக் குழாயில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இது டிரெயின். வெட்டுன எடத்துல ரத்தம் கசிஞ்சிகினே இருக்கும். உள்ளயே தேங்கிக் கட்டிகிச்சின்னா நரம்பை அமுக்கிடும். அதான் வெளிய எடுக்கறோம். இழுத்துடக் கூடாது. மடங்கக் கூடாது, இறுகக் கூடாது, படுக்கும்போது அடியில மாட்டிக்கக் கூடாது. கால்ல புதுசா எதுனா தெரிஞ்சா உடனே எங்களைக் கூப்பிடணும். புரிஞ்சுதா சார்?"

"புரிஞ்சுதுங்க சிஸ்டர்" என்றான் வேலு. காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிடவில்லை. உண்ணாமலை உள்ளே வந்ததும் எழுந்து கிளம்பினான்.

"அண்ணி, அந்தக் குழாயை யாரும் இழுத்துடாம பாத்துக்கோங்க. சிஸ்டர் கண்டிஷனா சொல்லிட்டாங்க. நான் ஜல்தியா போயி எதுனா வாங்கியாந்துடறன்."

இழுத்துவிடக் கூடாது என்பதை உண்ணாமலை மனதில் வாங்கிக்கொண்டாள். அன்று முழுக்க அவள் கண் குழாயின் மேலேயே இருந்தது. துணி மாற்ற வந்தவர்களிடமும், பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்தவர்களிடமும் "பாத்து, பாத்து" என்றாள். சடையப்பன் மயக்கம் தெளிந்து காலை ஆட்டினார். நடந்தால் வருகிற அந்தப் பழைய வலி படுத்திருக்கும்போதே போய்விட்டது தெரிகிறது என்றார். ஆரணிக்குப் போன் போட்டு, தறி மேல் எலி ஓடாமல் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லச் சொன்னார்.

மறுநாள் காலையில் வார்டைத் துடைக்க வந்த அம்மாளின் மாப்புக் கட்டை கட்டிலடியில் போய்த் திரும்பும்போது குழாயில் தட்டியது. சடையப்பன் பல்லைக் கடித்தார்.

"இன்னாம்மா, கண்ணை எங்க வெச்சிகினு தொடைக்கிற?" என்றாள் உண்ணாமலை.

"நடுவுல தொங்க விட்டா நான் இன்னா பண்றது? எனக்கு இன்னும் ரெண்டு ரூமு கெடக்குது" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

சடையப்பன் தலையை மட்டும் திருப்பினார். "ஏய், அது ஆடிகினே இருக்குது. ஒதுக்கிக் கட்டேன். கட்டறதுக்கு உனக்குச் சொல்லியா தரணும்?"

அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பர்ஸில் எப்போதும் கழிவுப் பட்டு இழைகள் ஒரு சிண்டு கிடக்கும். அதில் நாலைந்தைச் சேர்த்து முறுக்கினாள். தொங்கிய குழாயை நூல் சிட்டம்போல வளைத்து இரண்டு சுற்றாக்கி, நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு, இழையின் மறுமுனையைக் கட்டில் கம்பியில் கட்டினாள். முடிச்சுக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். தாராளமாக நுழைந்தது. ரத்தம் போகிற குழாய், இறுக்கக் கூடாது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. பிறகு போர்வையை இழுத்து அதன் மேல் விட்டாள். குடுவை மட்டும் வெளியே தெரிந்தது.

ஆனால் அவள் போட்டது பட்டுக்குப் போடுகிற முடிச்சு. பட்டு வழுக்கும். சாதாரண முடிச்சு நிற்காது. அதனால் இழுபட இழுபட இறுகுகிற மாதிரிதான் போடுவார்கள். அவள் விரல்களுக்கு வேறு முடிச்சு வராது. சடையப்பன் வலியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாகப் புரண்டார். நர்சுகள் வந்து முதுகுக்குத் தலையணை வைத்து ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். ஒவ்வொரு புரளலுக்கும் முடிச்சு கொஞ்சம் இழுபட்டது.

மத்தியானம் வேறொரு நர்ஸ் வந்தாள். குடுவையைப் பார்த்தாள். காலையில் காலி செய்து வைத்த பிறகு அதில் புதிதாக ஒன்றுமே சேரவில்லை என்று சொல்லலாம்.

"நல்லா கம்மியாயிடுச்சே. நாளைக்கு எடுத்துடச் சொல்லுவாரு டாக்டர்" என்றாள். "ஐயா, காலை ஆட்டுங்க."

சடையப்பன் ஆட்டினார். இடது கால் நன்றாக ஆடியது. வலது கால் கொஞ்சம் சோம்பலாக ஆடியது.

"மரமரப்பா இருக்குதா?"

"அது எப்பவும் இருக்கறதுதான் சிஸ்டர். குழியில உக்கார்ற காலு."

"முன்னாடி இருந்த மாதிரியேவா, இல்ல அதிகமாவா?"

"அதே மாதிரிதாங்க."

அவர் பொய் சொல்லவில்லை. கால் மரப்பதில் கூட, குறைய என்று அவர் எப்போதும் பிரித்துப் பார்த்ததில்லை. நர்ஸ் போன பிறகு உண்ணாமலையிடம், "கொஞ்ச நேரத்துல எறும்பு ஊரும் பாரு. ரெண்டு தட்டுத் தட்ட முடியல, அதான் பேஜாரா இருக்குது" என்றார். அவளும் தலையாட்டினாள். அவர் கால் மரத்துப்போய் எழுவதை அவள் கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறாள்.

வேலு சாப்பாடு வாங்கி வந்தபோது இருவருமே உற்சாகமாக இருந்தார்கள். குடுவை காலியாக இருப்பதைக் காட்டினாள். அவன் உடனே ஆரணியில் இரண்டு மூன்று பேருக்குப் போன் செய்தான். "ரத்தம் சுத்தமா நின்னுபோச்சு. எங்க அண்ணன் ஒடம்பு அந்தக் காலத்து ஒடம்பு" என்றான்.

"ஆமா, நானும் வெள்ளைக்காரன்கூட சண்டை போட்டவன்தான்" என்றார் சடையப்பன்.

மாலையில் வெயில் தாழ்ந்ததும் உண்ணாமலை வெந்நீர் வாங்கி வந்து அவர் உடம்பைத் துடைக்க ஆரம்பித்தாள். முகம், கழுத்து, கைகள். பிறகு காலைத் துடைக்கிறேன் என்று சொல்லி, ஈரத் துணியைப் பிழிந்து, முதலில் இடது பாதத்தையும் அடுத்து வலது பாதத்தையும் துடைத்தாள். விரல் இடுக்குகளை அழுத்தித் துடைத்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"காலைத் தொடைக்கறன்னியே. இன்னா யோசனை பண்ணிகினு நிக்கிற?" என்றார்.

துணி இன்னும் அவருடைய வலது குதிகாலுக்கு அடியில்தான் இருந்தது. துணியை எடுத்துவிட்டு, கட்டைவிரல் நகத்தால் உள்ளங்காலில் அழுத்தினாள். தோலில் பிறைபோலத் தடம் விழுந்தது.

"இப்போ?" என்றாள்.

"இப்போ இன்னா?"

அவள் ஓடினாள். அவள் ஓடி வேலு அதற்கு முன் பார்த்ததில்லை. சிவசங்கரி அப்போதுதான் மாலை ஷிப்டுக்கு வந்திருந்தாள். வந்து காலைத் தொட்டுப் பார்த்தாள், ஆட்டச் சொன்னாள். வலது கால் ஆடவில்லை. இடது காலின் விரல்கள் மட்டும் நடுங்கின. போர்வையைத் தூக்கினாள். பிறகு பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து முடிச்சை வெட்டினாள். இழை குழாயில் அவ்வளவு பதிந்திருந்ததால் கத்தரியின் முனையை உள்ளே விடவே இரண்டு முறை முயல வேண்டியிருந்தது. குடுவையை அமுக்கி மூடினாள். குழாயில் கெட்டியாக ஏதோ கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது.

"யாரு கட்டினது?"

"நான்தாம்மா."

"நேத்தே சொன்னேனே, மடங்கக் கூடாது, இறுகக் கூடாதுன்னு."

சொல்லிவிட்டு சிவசங்கரி வேலுவைப் பார்த்தாள். வேலு கையிலிருந்த போனைப் பார்த்தான். அதற்குள் அவள் டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டாள்.

ஸ்கேனுக்கு அவசரமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கிருந்து நேராக ஆபரேஷன் தியேட்டருக்கு. சடையப்பன் போகும்போது உண்ணாமலையிடம், "எறும்பு ஊரும்னு இருந்தேன்டி" என்றார்.

தியேட்டருக்கு வெளியே இருந்த நாற்காலிகளில் இருவரும் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். வேலு இரண்டு முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

"நான் சொன்னன் இல்ல அண்ணி, இழுக்கக் கூடாதுன்னு."

"சொன்னே."

"சிஸ்டரு அப்போ நெறைய சொல்லிகினே போனாங்க. நான்…"

அவன் முடிக்கவில்லை. அவளும் முடிக்கச் சொல்லவில்லை. அவள் கையில் வெட்டிய இழையின் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அதைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

டாக்டர் வெளியே வந்தபோது முகக்கவசம் கழுத்தில் தொங்கியது. உள்ளே ரத்தம் கட்டி நரம்பை அமுக்கியிருந்ததாகவும், அதை எடுத்துவிட்டதாகவும் சொன்னார். எவ்வளவு திரும்பி வரும் என்று இப்போது சொல்ல முடியாது, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

"நான் கட்டினதாலதாங்களா டாக்டர்?" என்று உண்ணாமலை கேட்டாள்.

டாக்டர் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இருக்கலாம்மா. குழாய் சரியா வேலை செஞ்சும் சில பேருக்கு இப்படி ரத்தம் கட்டியிருக்கு. குழாயே வெக்காம நல்லா ஆனவங்களும் இருக்காங்க. அதனால இதுதான் காரணம்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது. கால் மரத்ததை முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் சீக்கிரம் தெறந்திருப்போம்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் உண்ணாமலைக்கு அது ஆறுதலாக இல்லை. அவள் வேலையில் ஒரு தப்பு என்றால் அதற்கு இடம் உண்டு. சேலையில் கோடு விழுந்தால் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், எந்த இழை எங்கே மாறியது என்று தெரிந்துவிடும். அவிழ்த்து மறுபடி பிணைத்துவிடலாம். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்கிற தப்பை எங்கே போய்ப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சிவசங்கரி ஷிப்ட் முடிந்து போகும்போது பக்கத்தில் வந்து நின்றாள். "போர்வையைத் தூக்கிக் குழாயைப் பாருங்கன்னு நேத்தே அடுத்த ஷிப்டுல நான் சொல்லிட்டுப் போயிருக்கணும்மா" என்றாள். உண்ணாமலை அவளைப் பார்த்து, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

இடது காலில் உணர்வு திரும்பி வந்தது. நரம்பு அமுங்கியதில் தப்பிப்போயிருந்த சிறுநீர்க் கட்டுப்பாடும் திரும்பியது. வலது காலில் முட்டி வரை வந்தது. அதற்குக் கீழே வரவில்லை. பாதம் தூக்காமல் தொங்கியது. நடக்கும்போது விரல்கள் தரையில் உரசின. அதற்கு ஒரு பிளாஸ்டிக் கட்டு கொடுத்து, செருப்போடு சேர்த்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். வாக்கர் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தார்.

பார்க்க வந்தவர்களிடம் சடையப்பன் ஒரே பேச்சைத்தான் பேசினார். "வலியை எடுங்கன்னு சொன்னன். எடுத்துட்டாங்க. கூடவே காலையும் எடுத்துகினாங்க." சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். வந்தவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உண்ணாமலையைப் பார்ப்பார்கள். அவள் காபி கலக்கப் போய்விடுவாள்.

வேலு தினமும் வந்தான். பழம் வாங்கி வந்தான், அண்ணனை வாக்கரோடு தெருமுனை வரைக்கும் நடத்திக்கொண்டு போனான். கிண்டல் பேச்சு மட்டும் அவனிடம் இல்லாமல் போயிற்று. ஒரு தடவை உண்ணாமலை, "இன்னாடா, வாய்ல கொழுக்கட்டையா?" என்று கேட்டாள். அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

குழாயைப் பற்றி அவளும் கணவரும் ஒரே ஒரு முறைதான் பேசினார்கள். அவள்தான் ஆரம்பித்தாள். அவருடைய பாதத்தை மடியில் வைத்து, ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தபடி மேலும் கீழும் மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் போட்ட முடிச்சிதாங்க."

"நான் சொல்லித்தானே போட்டே."

"இழுத்தா இறுகற முடிச்சை அங்க போடலாமா? எனக்குத் தெரிய வேணாமா?"

"மரத்துப் போச்சுன்னு அந்தப் பொண்ணு கேட்டப்போ நான் ஒழுங்கா சொல்லியிருந்தா?" என்றார் அவர். பிறகு, "விடு. மடக்கினது போதும், அந்தக் காலுக்கு நீ இன்னா பண்ணாலும் தெரியப் போறதில்ல" என்றார். அவள் விடவில்லை. சொல்லிக் கொடுத்த கணக்கு முடிகிற வரைக்கும் மடக்கி நீட்டிவிட்டுத்தான் எழுந்தாள்.

முதலாளி ஆள் அனுப்பினார். கல்யாண வீட்டார் கேட்கிறார்கள், வேறு கை வைத்தாவது முடித்துவிடலாமா என்று. அன்று இரவு முழுக்க யோசித்தவர்போல, காலையில் சடையப்பன் பல் விளக்கியதும் தறிப் பக்கம் போனார். தறியின் மேல் போர்த்தியிருந்த வேட்டியை எடுத்து மடித்து வைத்தார்.

"வேலுவைக் கூப்பிடு. என்னைக் கொஞ்சம் எறக்கி விடட்டும்."

"டாக்டர் இன்னும் சொல்லலையே."

"டாக்டரா நெய்யப் போறாரு?"

வேலு வந்தான். முதுகு வளையாமல் அண்ணனைத் தாங்கி, குழியின் விளிம்பில் உட்கார வைத்தான். உண்ணாமலை பிளாஸ்டிக் கட்டைக் கழற்றினாள். கட்டோடு மிதிபலகையை மிதிக்க முடியாது. இரண்டு கால்களையும் அவளே எடுத்து ஒவ்வொன்றாகப் பலகைகளின் மேல் வைத்தாள். சடையப்பன் அச்சைத் தொட்டார், குறுக்கே ஊடை இழையைக் கொண்டுபோகும் நாடாவைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோலப் பிடித்தார். இடது காலால் மிதித்தார். இழைகள் பிரிந்து திறந்தன. நாடா ஓடியது. அச்சை இழுத்து அடித்தார். அந்தச் சத்தம் கேட்டு எதிர் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார்.

அடுத்தது வலது கால். நெய்கிறவன் காலைப் பார்ப்பதில்லை. பார்க்கவும் முடியாது. நெய்த துணி மடியில் இருக்கும். அவர் மிதித்தார். இழைகள் திறந்தன. நாடாவை எறிந்தார். பாதம் பலகையிலிருந்து நழுவியது அவருக்குத் தெரியவில்லை. நாடா நடுவில் போகும்போதே இழைகள் மூடிக்கொண்டன. நாடா மோதி அறுந்த இழைகள் ஒரு கொத்தாகச் சுருண்டன.

உண்ணாமலை அச்சுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அறுந்தவற்றை எடுத்து, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பிணைத்தாள். அவர் குழியில் காத்திருந்தார். பிணைத்து முடிந்ததும் அவள் வந்து, அவர் பாதத்தைப் பலகையின் நடுவில் சரியாக வைத்தாள்.

"இருக்குதா?" என்றார்.

"இருக்குது."

மறுபடி மிதித்தார். மறுபடி நழுவியது. இந்த முறை கொத்து பெரியது.

"போதும்ணா. நாளைக்கிப் பாத்துக்கலாம்" என்றான் வேலு.

"நீ கம்முனு இரு."

அவள் பிணைத்தாள். முன்னைவிட நேரம் ஆனது. பிணைத்து முடித்ததும் இந்த முறை அவள் மேலே வரவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கவாட்டில் குழிக்குள் இறங்கிக் குந்தினாள். அவருடைய வலது பாதத்தைப் பலகையோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்தாள்.

"மிதிங்க" என்றாள்.

அவர் இடது காலால் மிதித்து எடுத்தார். அவள் வலதை அழுத்தினாள். நாடா ஓடியது. அச்சு அடித்தது. மறுபடி இடது, மறுபடி அவள் கை. ஒரு இழைகூட அறவில்லை. மேலே இருந்து வேலுவுக்கு அண்ணனின் முகம் தெரிந்தது. முதலில் அதில் ஒரு வெளிச்சம் வந்தது. ஊடை பத்துப் பதினைந்து ஓடியிருக்கும், அதற்குள் அது போய்விட்டது. அவர் அச்சைப் பிடித்தபடியே நெய்வதை நிறுத்தினார்.

"ஏங்க, இன்னா?" என்று கீழிருந்து கேட்டாள்.

"நான் நெய்யலடி. நீதான் நெய்யற."

"யாரு நெய்ஞ்சா இன்னா? முடிச்சுடலாம்."

"தெனமும் குழியில உக்காந்துகினு என் காலைப் பிடிச்சிகினு இருப்பியா? உன் பாவை யாரு போயி பிணைக்கிறது?"

அவள் பாதத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

அவர் நாடாவை விளிம்பில் வைத்தார். "முதலாளிகிட்ட சொல்லிடு வேலு. வேற ஆளை உக்கார வெச்சி முடிச்சிக்கட்டும். கோடு தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது." பிறகு, "தூக்கு" என்றார்.

வேலு குனிந்து அண்ணனின் அக்குளில் கை கொடுத்தான். உண்ணாமலை குழிக்குள்ளேயே இருந்து, அந்தப் பாதம் மேலே போகும்போது விளிம்பில் இடிக்காமல் இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தாள். இடித்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.